தலைமாட்டில் ஒரு துப்பாக்கிப் பெட்டி: யாரை நினைத்து வாங்குவது?

ஹியூஸ்டனுக்குத் தெற்கே, மீனாட்சி அம்மன் கோயில் இருக்கும் பேர்லேண்டில் நாங்கள் வீடு வாங்கிய இரண்டாம் ஆண்டு அது நடந்தது. நான்கு வீடு தள்ளி ஒரு குடும்பம் உறங்கிக்கொண்டிருந்தபோதே பின்கதவை உடைத்துத் திருடர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. என் மனைவி செவிலியர்; வாரத்தில் மூன்று இரவு வேலை. கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று நான் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. "வாங்குங்கள். ஆனால் உங்கள் கையில் இல்லாத ஒவ்வொரு நிமிடமும் அது பூட்டுக்குள் இருக்க வேண்டும். அந்தப் பூட்டை நானும் பார்த்த பிறகுதான் துப்பாக்கி வீட்டுக்கு வரும்" என்றாள். அப்போது மகளுக்கு எட்டு வயது, மகன் கைக்குழந்தை. இப்போது மகளுக்குப் பதின்மூன்று, மகனுக்கு ஐந்தரை. இதற்குள் எங்கள் படுக்கையறை மூன்று பெட்டிகளைப் பார்த்துவிட்டது. மூன்றுக்கும் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டதை, அதே கடையில் அதே குழப்பத்தோடு நிற்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கி இல்லாமல் இருப்பதே எல்லாவற்றையும் விடப் பாதுகாப்பானது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் நெடுங்காலமாகச் சொல்வது இதைத்தான். இருந்தே ஆக வேண்டுமென்றால் தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டி வை, தோட்டாவை வேறோர் இடத்தில் தனியாகப் பூட்டி வை என்பது அவர்களின் அடுத்த அறிவுரை. 2020இல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையிலானவர்களின் மரணத்துக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி ஆனது. அதற்கு முன்பு பல பத்தாண்டுகள் அந்த இடத்தில் சாலை விபத்து இருந்தது. ஆகவே, படுக்கையருகே வைத்து நொடியில் திறக்கும் பெட்டி என்பது ஒரு சமரசம். அதை வாங்குபவர் சமரசம் என்று தெரிந்தே வாங்க வேண்டும். நான் அப்படித்தான் வாங்கினேன்.

பலர் வீட்டில் பெட்டியே கிடையாது, 'மறைவிடம்' மட்டும்தான் உண்டு. அலமாரியின் மேல்தட்டு, மெத்தைக்கு அடியில், புடவைகளுக்கு நடுவில். எங்கள் பிள்ளைக்கு அது இருக்கும் இடமே தெரியாது என்று அடித்துச் சொல்வார்கள். அலபாமாவில் கிராமப்புறக் குடும்பங்களிடம் நடத்தி 2006இல் வெளியான ஓர் ஆய்வு பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியாகக் கேட்டது. பிள்ளைக்கு இடம் தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதத்தினரின் பிள்ளைகள், தெரியும் என்றார்கள். பிள்ளை அதைத் தொட்டதே இல்லை என்றவர்களில் 22 சதவீதத்தினரின் பிள்ளைகள், தொட்டிருக்கிறோம் என்றார்கள். 2001இல் வெளியான இன்னோர் ஆய்வில், 8 முதல் 12 வயதுச் சிறுவர்களைச் சிறு குழுக்களாக ஓர் அறையில் விட்டார்கள். இழுப்பறையில் சுட முடியாதபடி செய்யப்பட்ட நிஜமான கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. அதைக் கண்டெடுத்த குழுக்களில் இருந்த 48 சிறுவர்களில் 30 பேர் கையில் எடுத்தார்கள், 16 பேர் விசையை அழுத்தினார்கள். என் மகள் ஆறு வயதில் தீபாவளிப் பட்டாசைப் பரணில் கண்டுபிடித்தவள். மறைவிடத்தை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது, துப்பாக்கி வாங்கும்போதே கூட வரும் கம்பிப் பூட்டு. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கியோடு ஏதாவது ஒரு பூட்டையோ பாதுகாப்புக் கருவியையோ கொடுத்தாக வேண்டும். துப்பாக்கியின் உள்ளே நுழைத்துப் பூட்டிவிட்டால் சுட முடியாது. அலமாரியில் வைத்திருக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கு இது நல்லதுதான். படுக்கையருகே வைப்பதற்கு உதவாது; இருட்டில் சாவியைத் தேடிக் கம்பியை உருவ வேண்டும் என்பதால், சில வாரங்களிலேயே அதை மாட்டாமல் விட்டுவிடுவார்கள். மிச்சிகன் மாநிலம் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 2021 நவம்பரில் நான்கு மாணவர்களை ஒரு மாணவன் சுட்டுக் கொன்றான். அந்தத் துப்பாக்கியோடு வந்த கம்பிப் பூட்டு உறை பிரிக்கப்படாமலே வீட்டில் கிடந்தது. அவனுடைய பெற்றோரின் வழக்கில் அரசு வழக்கறிஞர் அப்படியொரு பூட்டை நடுவர்களின் கண் முன்னே சில நொடிகளில் மாட்டிக் காட்டினார். 2024இல் தாய், தந்தை இருவருக்கும் குறைந்தது பத்தாண்டுச் சிறை.

இனி பெட்டிகள். சாதாரணச் சாவிப் பெட்டியை ஒரு வரியில் முடித்துவிடலாம்: சாவி கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் குழந்தைக்கும் எட்டும், எட்டாத இடத்தில் இருந்தால் உங்களுக்கும் எட்டாது. அட்டையோ கைப்பட்டையோ காட்டினால் திறக்கும் ஆர்எஃப்ஐடி பெட்டிகள் உண்மையிலேயே வேகமானவை. இருட்டில் கையை மேலே வைத்தால் போதும், மூடி எழும்பிவிடும். ஆனால் அந்தக் கைப்பட்டை ஒரு சாவி. குளிக்கப் போகும்போது கழற்றி மேசையில் வைத்தால், சாவியை மேசையில் வைத்ததாகத்தான் பொருள். ராத்திரியும் பகலும் கழற்றாமல் அணியக்கூடியவருக்கு மட்டுமே அது சரி. எனக்கு அந்தப் பழக்கம் வராது என்று எனக்கே தெரியும்.

விரல் ரேகைப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் வாங்குவது அதுதான். நானும் அதைத்தான் வாங்கினேன். எண்ணை நினைவில் வைக்க வேண்டாம், சாவி வேண்டாம், விரல் ஒன்றே போதும் என்பது நியாயமான ஆசை. வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கி இல்லாத வெறும் பெட்டியை ஒரு வாரம் சோதித்தோம். என் விரலுக்குப் பத்தில் எட்டு முறை திறந்தது. பாத்திரம் கழுவிவிட்டு வந்து வைத்தால் சிவப்பு விளக்குதான் எரிந்தது. மனைவியின் விரலுக்குப் பத்தில் நான்கு முறை. மருத்துவமனையில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கை கழுவுகிறாள், எத்தனை முறை கிருமிநாசினி தடவுகிறாள்! அந்த விரல் நுனியில் ரேகை தேய்ந்து, தோல் வறண்டிருந்தது. நான் இல்லாத இரவில் அவளுக்குத்தான் அது தேவைப்படும் என்றால், பத்தில் நான்கு என்பது ஒன்றுமே இல்லை. அந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

திறக்க வேண்டியவருக்குத் திறக்காதது ஒரு குறை. திறக்கக் கூடாதவருக்குத் திறப்பது அதைவிடக் கொடியது. 2023 அக்டோபரில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், ஃபோர்ட்ரஸ் நிறுவனம் விற்ற சுமார் 61,000 விரல் ரேகைப் பெட்டிகளைத் திரும்பப் பெற வைத்தது. பதிவு செய்யாத விரலுக்கும் பெட்டி திறந்ததாக 39 புகார்கள் வந்திருந்தன. அப்படிப்பட்ட பெட்டியிலிருந்து எடுத்த துப்பாக்கியால் 12 வயதுச் சிறுவன் இறந்ததாக ஒரு வழக்கும் இருந்தது. 2024 பிப்ரவரியில் வேறு நான்கு நிறுவனங்களின் பெட்டிகள், மொத்தம் ஒரு லட்சத்து இருபதாயிரம் வரை, இதே காரணத்துக்காகத் திரும்பப் பெறப்பட்டன. காரணத்தைப் புரிந்துகொள்வது நல்லது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது இந்தப் பெட்டிகள் எந்த விரலை வைத்தாலும் திறக்கும் நிலையில் இருந்தன. வாங்கியவர் தன் விரலைப் பதிவு செய்ய முயல்கிறார். பதிவு முழுமை பெறவில்லை. ஆனால் பெட்டி அவர் விரலுக்குத் திறக்கிறது, எனவே பதிவாகிவிட்டது என்று நம்புகிறார். அது ஊரில் உள்ள எல்லா விரலுக்கும் திறக்கும் என்பது அவருக்குத் தெரிவதில்லை. பூட்டியிருப்பதாக நம்பிக்கொண்டு திறந்து வைத்திருப்பதுதான் இதில் உள்ள பயங்கரம். ஏற்கெனவே விரல் ரேகைப் பெட்டி வைத்திருப்பவர்கள் இன்று இரவே துப்பாக்கியை வெளியே எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, பதிவு செய்யாத உங்கள் மற்ற விரல்களையும் வீட்டில் உள்ள இன்னொரு பெரியவரின் விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். மாதிரி எண்ணைத் திரும்பப் பெறும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கள் இரண்டாவது பெட்டி இயந்திரப் பொத்தான் பூட்டு கொண்டது. அமெரிக்காவில் இதைச் சிம்ப்ளெக்ஸ் பூட்டு என்பார்கள். ஃபோர்ட் நாக்ஸ், வி-லைன் போன்ற நிறுவனங்களின் பெட்டிகளில் இதைப் பார்க்கலாம். வரிசையாக ஐந்து பொத்தான்கள், பக்கத்தில் ஒரு திருகு. பேட்டரி கிடையாது, விளக்கு கிடையாது, சத்தமும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு, சுண்டு விரல் முதல் கட்டை விரல் வரை ஒரு கையைப் பொத்தான்கள் மேல் படிய வைத்து அழுத்தினால் போதும். வீணை வாசிப்பவருக்கு விரல் தானாகப் போவதுபோல ஒரு வாரத்தில் கை பழகிவிடுகிறது. ஃபோர்ட் நாக்ஸ் பெட்டியின் உடல் 10 கேஜ் எஃகு, அதாவது ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர் கனம். மலிவுப் பெட்டிகளில் 16, 18 கேஜ் என்று போட்டிருப்பார்கள். எண் கூடக் கூடத் தகடு மெலியும், 18 கேஜ் என்பது சுமார் 1.2 மில்லிமீட்டர்தான். விலை முந்நூறு டாலர் வாக்கில். நான்கு ஆண்டுகள் அந்தப் பெட்டி எங்களிடம் இருந்தது. ஒரு முறைகூட ஏமாற்றவில்லை. அதை அனுப்பியபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

ஏன் அனுப்பினேன்? மகள் வளர்ந்ததால். இந்தப் பூட்டில் ஒரு பொத்தானை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். எனவே அமையக்கூடிய குறியீடுகள் மொத்தம் 1,081தான். அதைவிட முக்கியம், தவறாக அழுத்தினால் தண்டனை கிடையாது. மீண்டும் மீண்டும் முயலலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது மலை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு, அதுவும் பெற்றோர் இருவரும் வேலையிலிருந்து திரும்ப மாலை ஆகும் வீட்டில், அது பொறுமை மட்டுமே தேவைப்படும் வேலை. என் மகள் அப்படிச் செய்வாள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் என் நினைப்பைப் பூட்டாக வைக்க முடியாது. அலபாமா பெற்றோரும் நினைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மூன்றாவதாக வாங்கியது, இப்போதும் இருப்பது, மின்னணு எண் பூட்டுப் பெட்டி. நிறுவனப் பெயர்களைவிட மூன்று குணங்களைப் பார்த்தோம். சில முறை தவறாக அழுத்தினால் பூட்டு பல நிமிடங்களுக்கு உறைந்துவிட வேண்டும். யாராவது முயன்றிருந்தால் நமக்குத் தெரிய வேண்டும். வால்டெக் போன்ற சில நிறுவனப் பெட்டிகளில் அந்தப் பதிவு கிடைக்கிறது. குறியீடு நீளமாக வைக்க முடிய வேண்டும். நான்கு பொத்தான் பெட்டியில் நான்கு அழுத்தம் என்றால் 256 வாய்ப்புதான், ஆறு அழுத்தம் என்றால் 4,096, எட்டு என்றால் 65,536. நாங்கள் எட்டு வைத்திருக்கிறோம். விரல் ரேகை வசதியும் அதில் இருக்கிறது. அதை அணைத்து வைத்திருக்கிறோம். பேட்டரியை மார்ச்சிலும் நவம்பரிலும், கடிகாரத்தை மாற்றி வைக்கும் அந்த ஞாயிறுகளில், தீர்ந்திருந்தாலும் தீராவிட்டாலும் மாற்றிவிடுகிறேன்.

எட்டு முறை அழுத்துவதா, அதற்குள் திருடன் வந்துவிடமாட்டானா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். விளம்பரங்கள் முழுக்க விநாடிக் கணக்குதான் என்பதால் அந்தக் கேள்வி இயல்பு. நடு இரவில் அலாரம் வைத்து எழுந்து பல நாட்கள் சோதித்தேன். விரல் ரேகை, சரியாக வேலை செய்த நேரங்களில், இரண்டு விநாடி. இயந்திரப் பொத்தான் மூன்று. எட்டு எண் நான்கரை. வித்தியாசம் இரண்டரை விநாடி. அதே சோதனையில் இன்னொன்றையும் கவனித்தேன்: தூக்கத்திலிருந்து எழுந்த முதல் சில விநாடிகள் நான் சரியாகச் சிந்திக்கவே இல்லை. அலாரத்தை வைத்தது நான்தான் என்பதே உறைக்கவில்லை. அந்த நிலையில் கையில் துப்பாக்கி ஏறியிருந்தால், தண்ணீர் குடிக்க எழுந்த மகளின் காலடியும் இரவு வேலை முடிந்து முன்னதாகத் திரும்பிய மனைவியின் காலடியும் எனக்கு எப்படிக் கேட்டிருக்கும்? எட்டு எண்ணைச் சரியாக அழுத்த முடிகிற அளவுக்கு விழித்த பிறகுதான் எனக்குத் துப்பாக்கி கிடைக்க வேண்டும் என்று அன்று முடிவு செய்தேன். கதவுகளை வலுவாக்கவும், நுழைவாயிலில் அலாரம் வைக்கவும் செலவிட்ட பணம் அந்த இரண்டரை விநாடியைவிடப் பல மடங்கு நேரத்தை எங்களுக்குத் தந்திருக்கிறது.

பெட்டி எதுவானாலும் அதைக் கட்டிப்போடாவிட்டால் வீண். நான்கு கிலோ பெட்டியைத் திருடன் பையில் போட்டுக்கொண்டு போவான். பிள்ளை கட்டிலிலிருந்து இழுத்துக் கீழே போடும். 2012இல் பூட்டு ஆய்வாளர்கள் சிலர், பெயர் பெற்ற கடைகளில் விற்ற மலிவான பெட்டிகளைச் சில அங்குலம் தூக்கிப் போட்டாலே திறந்துகொள்வதையும், மூன்று வயதுக் குழந்தை அவற்றைத் திறப்பதையும் படமெடுத்துக் காட்டினார்கள். உள்ளே தாழ்ப்பாளைப் பிடிக்கும் சிறு மின்காந்தத் தண்டு அதிர்வில் நகர்ந்துவிடுவதுதான் காரணம். வாங்கியவுடன் வெறும் பெட்டியைப் பூட்டி, குலுக்கி, தட்டி, மெத்தை மேல் போட்டுப் பாருங்கள். ஒரு முறை திறந்தாலும் திருப்பிக் கொடுங்கள். தேறிய பெட்டியைக் கட்டிலின் மரச் சட்டத்திலோ தரையிலோ உள்பக்கமாகத் திருகாணி போட்டு இறுக்குங்கள். கூட வரும் எஃகுக் கம்பியால் கட்டுவது வாடகை வீட்டுக்காரர்களுக்கு இரண்டாம் பட்சம்.

தொழிற்சாலையில் வைத்த குறியீட்டை முதல் நாளே மாற்ற வேண்டும். அது எல்லாப் பெட்டிக்கும் ஒன்றுதான், கையேட்டில் அச்சிட்டே வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டு வழக்கிலும் அந்த வீட்டில் இருந்த பெட்டியின் எண் 0-0-0 என்றே வெளிவந்தது. பிள்ளைகளின் பிறந்தநாள், வீட்டு எண், கைப்பேசியைத் திறக்கும் எண் எதுவும் வேண்டாம். பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது திறக்க வேண்டாம். மின்னணுப் பெட்டிகளோடு வரும் மாற்றுச் சாவியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் எல்லோரும் அதைப் பெட்டி இருக்கும் அதே அறையின் இழுப்பறையில்தான் போட்டு வைக்கிறார்கள். எட்டு இலக்கக் குறியீட்டையும் வீணாக்கிவிடும் சாவி அது.

வளர்ந்த பிள்ளை இருக்கும் வீட்டில் எனக்கு விபத்தைவிடப் பெரிய கவலை இன்னொன்று. தேர்வில் தோல்வி, நட்பில் முறிவு, யாரிடமும் சொல்லாத அவமானம். அந்த வயதில் துயரம் திடீரென்று உச்சத்துக்கு ஏறும், கடந்தும் போகும். அது கடந்து போவதற்கு நேரம் வேண்டும். துப்பாக்கி அந்த நேரத்தைக் கொடுப்பதில்லை. அதனால் நிகழும் தற்கொலை முயற்சிகளில் பத்தில் ஒன்பது மரணத்தில் முடிகின்றன. பூட்டி வைப்பதும், தோட்டாவைத் தனியே பூட்டுவதும் சிறுவர், இளையோரின் தற்கொலை அபாயம் குறைவதோடு தொடர்புடையவை என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே என் மகளோ, மனைவியோ, நானோ மனம் உடைந்திருக்கும் காலம் வந்தால், எந்தப் பெட்டி சிறந்தது என்ற ஒப்பீட்டுக்கே இடமில்லை. துப்பாக்கி வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். சில துப்பாக்கிக் கடைகளும் காவல் நிலையங்களும் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்கின்றன. கொலராடோவில் அத்தகைய இடங்களுக்கு வரைபடமே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் யார் வைத்துக்கொள்வார்கள் என்று நல்ல நாளிலேயே கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். மன நெருக்கடியில் உதவிக்கு அழைக்கும் 988 என்ற எண்ணை மகள் அறிவாள்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். டெக்சாஸில் துப்பாக்கி வாங்குவது எளிது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பூட்டாமல் விட்டு, அது 17 வயது நிறையாத பிள்ளையின் கைக்குப் போனால் பெரியவர் குற்றவாளி. பிள்ளை சுட்டு யாருக்காவது கடும் காயமோ மரணமோ நேர்ந்தால் தண்டனை கூடும். 1995 முதல் உள்ள சட்டம் இது. நம்மவர்கள் பலருக்கு விசா, பச்சை அட்டை என்று வேறு கவலைகளும் உண்டு. அவர்கள் துப்பாக்கி வாங்கும் முன்பே தங்கள் நிலைக்கு அனுமதி உண்டா என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிட வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். வீட்டில் மூத்த பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயதுக்குள் என்றால், கனத்த எஃகில் இயந்திரப் பொத்தான் பெட்டி. அதைத் தாண்டிவிட்டால், தவறினால் உறையும் மின்னணு எண் பெட்டி. விரல் ரேகையை மட்டும் நம்பும் பெட்டி எந்த வயதுக்கும் வேண்டாம். உள்ளே துப்பாக்கியும் தோட்டா அடைத்த மேகசினும் தனித்தனியே கிடக்கட்டும். இரண்டையும் சேர்க்க ஆகும் நேரமும் விழிப்பதற்கான நேரம்தான்.

போன மாதம் மகளின் தோழி எங்கள் வீட்டில் இரவு தங்க வருவதாக இருந்தது. முந்தின நாள் அவளுடைய அம்மா அழைத்து, சற்றுத் தயங்கிவிட்டு, "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். வந்தார். பெட்டியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. மூடியின் விளிம்பில் விரலை ஓட்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "இதற்கு மாற்றுச் சாவி உண்டா? அது எங்கே?"

"வங்கி லாக்கரில்" என்றேன். அன்று இரவு இரண்டு சிறுமிகளும் வரவேற்பறையில் படுத்துக்கொண்டு இரண்டு மணி வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.